பட்டைப் பரீட்சையும் பரிவு என்னும் மயக்கமும்

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த சூளகிரி, கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் பெயர் பெற்ற விவசாய ஊராக நெடுங்காலம் இருந்து, இன்று சிப்காட் தொழிற்பேட்டைகளுக்கு ஷிப்டு வேலைக்குச் சென்று திரும்பும் குடும்பங்களின் ஊராகவும் மாறியிருக்கிறது. இந்த மாற்றத்தோடு வந்த நற்பழக்கங்களுள் ஒன்று, பிள்ளைகளைக் கராத்தே, டேக்வாண்டோ, சிலம்பம் முதலிய வித்தைகளில் சேர்ப்பது. பள்ளி மைதானங்களிலும் மண்டபங்களின் முற்றங்களிலும் வெள்ளுடை அணிந்து வரிசையாக நிற்கும் சிறுவர் சிறுமியரைக் காணும்போது எவருக்கும் மகிழ்ச்சி உண்டாகும், எனக்கும் உண்டாகிறது. உடலை வணக்கி உள்ளத்தை நிலைநிறுத்தும் அப்பியாசம் ஒன்று, ஆலைத் தொழிலாளியின் மகளுக்கும் காய்கறி விவசாயியின் மகனுக்கும் ஒருங்கே கிட்டுவது சிறிய பேறன்று. ஆனால், இந்தப் பயிற்சியோடு கூடவே ஓர் அபிப்பிராயமும் வந்து, பெற்றோரிடத்தும் ஆசிரியரிடத்தும் ஏறக்குறைய சித்தாந்தம் போலவே நிலைபெற்றுவிட்டது. அதை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த அபிப்பிராயம் இது: பெல்ட் டெஸ்ட் என்று எல்லோரும் சொல்லும் பட்டைப் பரீட்சைக்குக் கட்டணம் செலுத்திக் குறித்த நாளில் வந்து நிற்கும் பிள்ளை யாராயினும், அடுத்த நிறப் பட்டையைக் கட்டித்தான் அனுப்ப வேண்டும். இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் நான்கு. தேறவில்லை என்று சொன்னால் பிஞ்சு உள்ளம் நொந்து, பிள்ளை பயிற்சியையே விட்டுவிடும் என்பது முதலாவது. பட்டை என்பது உற்சாகமூட்டும் ஓர் அடையாளமேயன்றி வேறில்லை, அதற்கு இத்தனை கண்டிப்பு எதற்கு என்பது இரண்டாவது. நாள்தோறும் கற்பிக்கும் மாஸ்டருக்குத் தம் மாணவனின் தரம் தெரியாதா, பரீட்சை ஒரு சடங்குதானே என்பது மூன்றாவது. தேறாத பிள்ளைகள் நின்றுவிட்டால் மாஸ்டரின் பிழைப்பு என்னாவது என்பது, வெளிப்படையாகச் சொல்லப்படாவிடினும் எல்லோரும் அறிந்த நான்காவது. மாற்றார் கொள்கையை முதலில் முன்வைத்துவிட்டு அதன் பின்னரே தன் கொள்கையை நிறுவ வேண்டும் என்ற நெறியை, சிவஞான சித்தியாரைப் பரபக்கம் என்றும் சுபக்கம் என்றும் இரண்டாக வகுத்த அருணந்தி சிவாசாரியர் நமக்குக் காட்டிச் சென்றிருக்கிறார். ஆகவே, இந்நான்கினுள் ஒவ்வொன்றிலும் உள்ள நியாயத்தை ஒப்புக்கொண்டே, அவை ஏன் நிலைநிற்கமாட்டா என்பதை எடுத்துரைக்க முயல்கிறேன்.

இரண்டாவது காரணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம்; பட்டை எதற்காகத் தோன்றியது என்பது தெளிந்துவிட்டால் ஏனையவற்றுக்கு விடை காண்பது சுலபமாகும். பட்டைகள், பலர் நினைப்பதுபோல், பண்டைக்காலத்துத் துறவிகள் வழிவழியாகக் கைமாற்றி வந்தவை அல்ல. 1882-இல் டோக்கியோவில் கோடோகான் என்னும் ஜூடோப் பயிற்சிக்கூடத்தை நிறுவிய கானோ ஜிகோரோ, ‘கோ’ என்னும் பலகை விளையாட்டில் முன்பே வழங்கிவந்த டான் என்ற படிமுறையைத் தம் கலைக்கு ஏற்றுக்கொண்டு, 1883-இல் சைகோ ஷிரோ, தொமித்தா ட்சுனெஜிரோ என்னும் இரு மாணவருக்கு முதற்படியை அளித்தார். கறுப்புப் பட்டை அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே வந்தது. 1922-இல் ஒகினாவாவிலிருந்து டோக்கியோவுக்கு வந்து கராத்தேயை அங்கே பரப்பிய ஃபுனாகோஷி கிச்சின், 1924-இல் தம் மாணவர் சிலருக்கு அதே டான் படியை வழங்கினார். வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே பல நிறங்களை வைக்கும் வழக்கம் ஐரோப்பாவில் வளர்ந்தது. 1930-களில் பாரிஸில் ஜூடோ கற்பித்த கவாய்ஷி மிக்கினொசுக்கே அதைப் பரவச் செய்தவர்களுள் முக்கியமானவர். இறுதிப் படிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் மாணவனுக்கு, அவன் கடந்து வந்த தூரத்தை இடையிடையே காட்டி ஊக்குவிக்க அந்த நிறங்கள் உதவின.

எனவே, பட்டை உற்சாகத்திற்காகவும் ஏற்பட்டது என்று சொல்வோர் பொய் சொல்லவில்லை. ஆனால், அந்த உற்சாகம் எதிலிருந்து பிறக்கிறது என்பதை அவர்கள் ஆராயவில்லை. கானோ மல்வித்தை வல்லவர் மட்டுமல்லர். டோக்கியோவில் ஆசிரியர்களை உருவாக்கும் உயர்கல்லூரிக்கு நெடுங்காலம் தலைவராக இருந்த கல்வியாளர். மாணவன் எங்கே நிற்கிறான் என்பதை அவனுக்கே அறிவிக்கும் கல்விக் கருவியாகப் படிமுறை அவர் கையில் பயன்பட்டது. ஒகினாவாவின் கராத்தே ஆசான் இத்தோசு ஆங்கோ, பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பினான் என்ற ஐந்து கட்டாக்களை, அதாவது வரிசைப்படுத்திய அசைவுத் தொகுதிகளை, வகுத்ததும் படிப்படியாகக் கற்பிக்கும் பொருட்டே. ஷோட்டோகான் வகுப்புகளில் நம் பிள்ளைகள் ஹெயான் என்ற பெயரில் பயில்வன அவற்றின் வழிவந்தவையே. முதல் கட்டாவில் காலை ஊன்றி நிற்கக் கற்காத பிள்ளையை இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் தூக்கிவிட்டால், ஒவ்வொரு கட்டாவிலும் அதே தள்ளாட்டத்தை அவன் சுமந்துகொண்டு போவான். பழுப்புப் பட்டையை எட்டும் வேளையில் அதைத் திருத்துவது முதல் மாதத்தில் திருத்துவதைக் காட்டிலும் பன்மடங்கு கடினமாகியிருக்கும். உற்சாகம் என்பது மெய்யான முன்னேற்றத்தைப் பற்றிய செய்தி தரும் மகிழ்ச்சி. செய்தியில் மெய் இல்லாதபோது மகிழ்ச்சி அன்று மாலை எடுக்கும் புகைப்படத்தோடு தீர்ந்துவிடுகிறது.

அப்படியானால் பட்டையே வேண்டாம், சிலம்பமும் களரியும் பட்டையின்றியே நூற்றாண்டுகள் வாழவில்லையா என்று கேட்போரும் உண்டு. வாழ்ந்தன, ஆனால் படியின்றி வாழவில்லை. களரிப்பயிற்றில் உடலைப் பதப்படுத்தும் மெய்த்தாரி முடிந்த பின்னரே மரக்கோல்களின் கோல்த்தாரி, அதன் பின்னரே உலோக ஆயுதங்களின் அங்கத்தாரி, கடைசியில் வெறுங்கைப் பிரயோகம் என்ற கிரமம் உண்டு. உடல் பதப்படாதவன் கையில் வாளைக் கொடுக்கும் ஆசான் இல்லை. அங்கே அடுத்த ஆயுதத்தைத் தொட அனுமதி கிடைப்பதே பட்டை. கருவி எதுவாயினும், ‘இன்னும் இல்லை’ என்று சொல்லும் அதிகாரம் ஆசானிடம் இருந்தமையால்தான் ‘இப்போது ஆகட்டும்’ என்ற அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது.

இனி, பிள்ளையின் மனம் நோகும் என்ற முதற்காரணம். இதுவே நான்கினுள் மிக மென்மையானது. ஆகவே மிகவும் மரியாதையோடு அணுகத்தக்கது. ஆனால், இதைச் சொல்வோர் ஒரு பிள்ளையை மட்டுமே மனத்திற்கொண்டு, அதன் அருகில் நிற்கும் மற்றொரு பிள்ளையை மறந்துவிடுகிறார்கள். மூன்று மாதமாக வீட்டு மொட்டைமாடியில் தனியே நின்று பயின்று வந்த சிறுமிக்கும், கட்டாவின் பாதியில் மறந்துபோய்ப் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து முடித்த சிறுவனுக்கும் ஒரே நாளில் ஒரே பச்சைப் பட்டை கட்டப்படும்போது, அந்தச் சிறுமி அதைக் கவனிக்கவில்லை என்று நினைப்பவர் குழந்தைகளை அறியாதவர். உழைப்புக்கும் பலனுக்கும் தொடர்பில்லை என்ற பாடத்தை அவள் அன்று கற்றுக்கொள்கிறாள். அந்தச் சிறுவனுக்கும் நாம் நன்மை செய்துவிடவில்லை. தனக்குத் தெரியாதென்பது அவனுக்குத் தெரியும்; தெரிந்தும் தன் இடுப்பில் கட்டப்பட்ட பட்டையை நோக்கி அவன் பெருமைப்பட முடியாது, அதை அவிழ்த்து வைக்கவும் முடியாது. பின்னொரு நாள் மாவட்டப் போட்டியில், அதே நிறப் பட்டையை உண்மையாகவே ஈட்டிய ஒருவன் எதிரே வந்து நிற்கும்போது, மாஸ்டர் பரிவினால் சொல்லாமல் விட்ட உண்மையை ஊரார் முன்னிலையில், அடியும் பட்டு, அவன் அறிந்துகொள்ள நேர்கிறது. மனம் நோகக் கூடாது என்று விரும்பியவர்கள், அந்த நோவைத் தவிர்க்கவில்லை. அதைப் பெரிதாக்கித் தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு வலுவான ஆக்ஷேபம் எழும். எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் நிறுத்திவைக்கலாகாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விதித்ததே. 2019-இல் மத்திய சட்டம் திருத்தப்பட்ட பின்னரும் தமிழ்நாடு அக்கொள்கையைக் கைவிடவில்லையே. பள்ளியில் சரியென்று கொண்டதைப் பயிற்சிக்கூடத்தில் ஏன் தவறென்கிறீர் என்று கேட்கலாம். அக்கொள்கையை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன்; ஆதரிக்கும் காரணமே இங்கே அது பொருந்தாமைக்கும் காரணம். பள்ளிக்கல்வி பிள்ளையின் உரிமை. வகுப்பில் நிறுத்தப்படும் ஏழைப் பிள்ளை தன் தோழரைப் பிரிகிறது, வெட்கி நிற்கிறது, பின்பு பள்ளியையே விட்டு விலகுகிறது. குழந்தைத் திருமணம் இன்னும் ஒழிந்துபோகாத இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், பள்ளியை விட்ட சிறுமிக்கு நேரக்கூடியது என்ன என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. பட்டை கிடைக்காத பிள்ளைக்கோ எதுவும் பறிபோவதில்லை. அதே மாஸ்டர், அதே தோழர், அதே மைதானம். மறுநாள் மாலை அவன் வழக்கம்போல் வந்து நிற்கலாம். பள்ளி வகுப்பு வயதைக் குறிக்கிறது. பட்டையோ ஒரு திறமையைப் பெற்றிருப்பதாக உலகத்துக்குச் சொல்லும் சாட்சியம். சாட்சியத்தை உரிமையாகக் கேட்க எவருக்கும் இடமில்லை.

மூன்றாவது காரணத்துக்கு வருவோம். மாஸ்டருக்கு மாணவனின் தரம் தெரியும் என்பது உண்மை. அதனால்தான் யார் பரீட்சைக்குப் போகத் தகுதியானவர் என்பதை அவரே நிர்ணயிக்க வேண்டும் என்கிறேன். ஆராய்ந்து அனுப்புகிற கூடத்தில் அனுப்பப்பட்டவருள் பெரும்பாலோர் தேறுவதில் எந்த இழிவும் இல்லை. ஆனால், யார் தேறினார் என்பதை அவரே தனியாகத் தீர்ப்பது நியாயமன்று. தம் கையால் வளர்த்த பிள்ளையிடம் எவருக்கும் பட்சபாதம் இருக்கும். இல்லாவிடில் அவர் நல்ல ஆசிரியரே அல்லர். கற்பித்தவர் வேறு, மதிப்பிடுபவர் வேறு என்னும் ஏற்பாடு நமக்குப் புதிதும் அன்று. சிலப்பதிகாரத்தில் மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் தன் ஆடலைச் சோழ மன்னனின் அவையில் அரங்கேற்றித் தலைக்கோல் பெற்றாள்; ஆடலாசானும் இசையாசிரியனும் அவளைப் பயிற்றினார்கள், மதிப்பளித்ததோ அவை. நம் காலத்துக்கு வந்தால், தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலெல்லாம் இருந்த, இன்னும் பல ஊர்களில் இருக்கிற டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு சிறிய அறையில் சில இயந்திரங்களை வைத்துக்கொண்டு ஒருவர் கற்பித்தார்; ஆனால் லோயர், ஹையர் பரீட்சைகளை நடத்தியதும் தாள்களைத் திருத்தியதும் அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். நிமிடத்துக்கு 30 சொல் லோயருக்கு, 45 சொல் ஹையருக்கு என்ற அளவு, ஓசூரிலும் ஒன்றே, நாகர்கோவிலிலும் ஒன்றே. தோற்றவர்கள் உண்டு, அவர்கள் ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதினார்கள். அந்தச் சான்றிதழைக் கொண்டு தலைமுறை தலைமுறையாக ஏழைக் குடும்பத்துப் பெண்கள் அரசு அலுவலகங்களில் வேலை பெற்றார்கள் என்றால், அந்தக் காகிதத்துக்கு அந்த வலிமையை அளித்தது, கற்பித்தவர் கையொப்பத்தால் மட்டும் அது கிடைக்காது என்ற ஒரே விஷயம்தான்.

தட்டச்சு வேகத்தை எண்ணிவிடலாம், கட்டாவை எப்படி எண்ணுவது என்பர். முழுவதும் எண்ண முடியாதுதான். ஆனால் பெரும்பகுதியை எழுதிவைக்க முடியும். ஹெயான் வரிசையின் முதல் கட்டாவான ஹெயான் ஷோதானில் 21 அசைவுகள். அவை வரிசை பிறழாமல் வந்தனவா, திரும்பும்போது பார்வை முதலில் திரும்பிற்றா, முன்னங்கால் முட்டி மடங்கிப் பின்னங்கால் நீண்டு நின்றதா, குத்து எதிராளியின் வயிற்றுமட்டத்துக்குச் சென்றதா என்பவற்றையெல்லாம் இரண்டு பரீட்சகர் தனித்தனியே குறித்துப் பின்னர் ஒப்பிட்டால், தாட்சண்யத்துக்கும் கோபத்துக்கும் உள்ள இடம் வெகுவாகக் குறைந்துவிடும். ஓசூர்ப் பேட்டையின் ஆலைகளில் வேலை செய்யும் பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை: கடைந்தெடுத்த பாகத்தைக் கடைந்தவரே நல்லதென்று சொல்லிப் பெட்டியில் போட அங்கே விடமாட்டார்கள், அளவுகோலோடு வேறொருவர் நிற்பார், அவர் அளவுகோலையும் குறித்த காலத்தில் சோதிப்பார்கள். இரும்புத் துண்டுக்குச் செய்யும் இந்த மரியாதையைத் தம் பிள்ளைக்கு மட்டும் ஏன் வேண்டாமென்கிறார்கள்?

நான்காவது காரணம் பிழைப்பு. இதை இகழ்ந்து பேசுவது எனக்குச் சம்மதமன்று. சிற்றூரில் கராத்தே கற்பிக்கும் மாஸ்டருக்கு மாதச் சம்பளமோ ஓய்வூதியமோ கிடையாது. பலர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் கற்பிக்கிறார்கள். மாதக் கட்டணத்தைக் குறைவாக வைத்துவிட்டு, பட்டைப் பரீட்சையின் கட்டணத்தில் அதை ஈடுசெய்கிறார்கள். குற்றம் அவர்கள் நெஞ்சில் இல்லை, இந்த ஏற்பாட்டில் இருக்கிறது. வருமானம் பரீட்சையில் தங்கியிருக்கும் வரையில் பரீட்சைகள் பெருகும், பெருகப் பெருக நிறங்களுக்கு நடுவே பாதி நிறங்களும் கோடுகளும் முளைக்கும், எவரும் தோற்கமாட்டார். இதற்குப் பரிகாரம் கடினமன்று. மாதக் கட்டணத்தை வெளிப்படையாக உயர்த்தி, அதைக் கொண்டு மாஸ்டர் கௌரவமாக வாழ வழிசெய்ய வேண்டும். பரீட்சைக் கட்டணம் பரீட்சையின் செலவுக்கு மட்டுமே போதுமானதாக இருக்க வேண்டும். தேறினாலும் தேறாவிட்டாலும் அது ஒன்றாகவே இருக்க வேண்டும். தேறாதவருக்கு மறு பரீட்சை ஒரு முறை இலவசமாக இருக்க வேண்டும். தகுதி பெற்ற பிள்ளை கட்டணம் செலுத்த இயலாமையால் மட்டும் கீழ்ப்படியில் நிற்கலாகாது. பணம் கட்டினேனே என்று கேட்கும் தந்தைக்கு மாஸ்டர் தயங்காமல் சொல்லலாம்: நீங்கள் பணம் கொடுத்தது உங்கள் பிள்ளையைக் கவனமாகப் பார்ப்பதற்கு, பார்த்தோம், கண்டதைச் சொல்கிறோம்.

இனி, என் பக்கம் நின்று பேசுவதாக எண்ணிக்கொண்டு எதிர்த்திசைக்கு ஓடுவோருக்கும் ஒரு மறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. பரீட்சையின் பெருமை அதன் கொடுமையில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் இவர்கள். வெயிலில் மணிக்கணக்கில் நிறுத்துவதும், நூற்றுக்கணக்கில் தண்டால் எடுக்கச் சொல்வதும், பத்து வயதுப் பிள்ளையின் பிஞ்சு விரல் எலும்புகளைக் கொண்டு ஓடுகளை உடைக்கச் சொல்வதும், தண்ணீர் கேட்பதைக் கோழைத்தனமாகப் பேசுவதும் இவர்கள் கொள்கை. இவை துன்பத்தைத் தாங்கும் சக்தியை ஓரளவு காட்டலாம், வித்தையைக் காட்டமாட்டா. களைத்து விழுந்த பிள்ளை கட்டாவை அறிந்தவனா அறியாதவனா என்பதை யாரால் சொல்ல இயலும்? மேலும், இந்தக் கொடுமையின் முடிவிலும் எல்லோருக்கும் பட்டை கிடைத்துவிடுவது வழக்கமாகையால், இது கண்டிப்பின் வேஷம் பூண்ட அதே தாட்சண்யமே. கடுமை வேறு, நேர்மை வேறு. கற்பித்ததை மட்டும் கேட்பதும், கேட்டதை உண்மையாக மதிப்பதுமே நேர்மை.

நேர்மையான பரீட்சை எப்படி நடக்க வேண்டும்? முதலாவதாக, ஒவ்வொரு படிக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் புரியும் மொழியில் எழுதி, மூன்று மாதத்துக்கு முன்பே கையில் கொடுத்துவிட வேண்டும். எழுதிக் கொடுத்ததற்கு வெளியே ஒன்றும் கேட்கக் கூடாது. இரண்டாவதாக, ஐம்பது பிள்ளைகளை ஒருசேர நிறுத்தி ஒருவர் பார்ப்பது பரீட்சையாகாது. நான்கைந்து பேராக அழைத்து, கட்டாவைத் தொடங்கும்போது ஒவ்வொருவரையும் வெவ்வேறு திசை நோக்கி நிற்கச் செய்தால், பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்வதற்கு வழி இராது. தெரிந்தவர் யார் என்பது ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். மூன்றாவதாக, ஸ்பாரிங் என்னும் சண்டைப் பயிற்சியில் வயதும் எடையும் ஒத்தவர்களையே இணைத்து, காப்புச் சாதனங்களோடு நிறுத்தி, வென்றவர் யார் என்று பாராமல், தூரத்தை அறிந்தாரா, அடியை அடக்கத் தெரிந்தவரா, அடிபட்டபோது நிதானம் இழக்காதவரா என்பதைப் பார்க்க வேண்டும். தற்காப்பு முறைகளையோ, ஒத்துழைக்கும் தோழனிடம் செய்துகாட்டுவது போதாது; மெய்யாகவே பிடியை விடாத ஒருவரிடமிருந்து கையை விடுவித்துக் காட்ட வேண்டும்.

இந்த மாநில எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. சூளகிரியில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் ஏராளம். வேலை நிமித்தம் வட மாநிலங்களிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் இப்போது உண்டு. ஜப்பானியக் கட்டளைகளை எல்லோரும் மனப்பாடம் செய்யட்டும்; ஆனால் இந்தத் தடுப்பு எதற்கு, இந்த அடி எப்போது தகாது என்று கேட்கும் கேள்வியைப் பிள்ளைக்குப் பழகிய மொழியில் கேட்டு, அதே மொழியில் விடை பெற வேண்டும். உடற்குறை உள்ள பிள்ளைக்கு, அந்த உடலால் அந்தத் தத்துவத்தை எவ்வாறு நிறைவேற்றலாமோ அவ்வாறு நிறைவேற்றினதா என்பதே அளவாகும். சலுகையாகப் பட்டை கொடுப்பது அப்பிள்ளையைக் குறைவாக மதிப்பது. பெண்பிள்ளைகளின் பரீட்சையில் பெண் பரீட்சகர் ஒருவரேனும் இருக்க வேண்டும். பெற்றோர் பார்க்கக் கதவு திறந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமாக ஒன்றைச் சொல்வேன்: பரீட்சை நாளையும் பட்டை வழங்கும் நாளையும் பிரித்துவிட வேண்டும். மண்டபம் பிடித்து, பிளெக்ஸ் கட்டி, சிறப்பு விருந்தினரை அழைத்து, பிள்ளைகளின் பெயர் அச்சிட்ட சான்றிதழ்களையும் அளவெடுத்து வாங்கிய பட்டைகளையும் மேசைமேல் அடுக்கிவைத்துவிட்டு, அதே இடத்தில் பரீட்சை என்று ஒன்றை நடத்தினால், தீர்ப்பு வழக்கு விசாரணைக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது என்பதே பொருள். உலகத்தில் எவ்வளவு நேர்மையான பரீட்சகரையும் அந்த மேசையும் மாலையும் காமிராவும் கட்டிப்போட்டுவிடும். பரீட்சை முதலில், ஆரவாரமின்றி நடக்கட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் எது நன்று, எது குறை, மறுபடி எப்போது வரலாம் என்று எழுதிய ஒரு தாள் கிடைக்கட்டும். தேறாதவரிடம் அதைத் தனியே, பெற்றோர் அருகிருக்க, மாஸ்டரே சொல்லட்டும். விழா சில வாரம் கழித்து, தேறியவருக்காக நடக்கட்டும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே பாதிக் கேடு ஒழிந்துவிடும்.

இத்தனை கவனம் ஒரு துண்டுத் துணிக்காகவா என்று யாரேனும் கேட்டால், அந்தத் துணியின் இறுதி நிறத்தைச் சற்று எண்ணிப்பார்க்கும்படி வேண்டிக்கொள்வேன். சியோலில் 1972-இல் நிறுவப்பட்ட, டேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவோன், 15 வயதுக்கு உட்பட்டோருக்கு டான் என்னாமல் பூம் என்ற தனிப் படியையே அளிக்கிறது. முதற்படியிலிருந்து இரண்டாவதற்கு ஓராண்டு, இரண்டிலிருந்து மூன்றுக்கு ஈராண்டு என்று இடைக்காலமும் விதித்திருக்கிறது. பிரேசிலிய ஜியு-ஜிட்சுவின் சர்வதேச ஸ்தாபனம் 19 வயதுக்கு முன் கறுப்புப் பட்டை தருவதில்லை. உலகம் இவ்வளவு ஜாக்கிரதையோடு கையாளும் ஒன்றைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் இடுப்பில் கட்டி, சுவரொட்டி ஒட்டுவது நம்மிடையே வழக்கமாகிவருகிறது. கறுப்புப் பட்டை வெறும் அலங்காரமன்று. அதுவே கற்பிக்கும் உரிமையாக ஊராரால் கொள்ளப்படுகிறது. தகுதியின்றிப் பெற்றவர் நாளை பயிற்சிக்கூடம் திறக்கிறார், பள்ளிகளுக்குள் நுழைகிறார். 2024 ஆகஸ்டில் நம் மாவட்டத்திலேயே, பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில், என்.சி.சி. என்ற பெயரைப் போலியாகச் சூடி நடத்தப்பட்ட முகாமில் மாணவிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமை வெளிப்பட்டபோது, சீருடையையும் சான்றையும் சோதியாமல் நம்புவதன் விலை என்ன என்பதை நாம் கண்டோம். சான்றிதழை மலிவாக்கும் ஒவ்வொருவரும், தாம் அறியாமலே, அத்தகைய கதவுகளைத் திறந்துவைக்கிறார்கள்.

தற்காப்பைப் பற்றியும் ஒரு சொல். அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ராணி லட்சுமிபாயின் பெயரால் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி அளிக்கும் திட்டம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியின் கீழ் நடந்துவருகிறது, நல்ல திட்டம். மூன்று மாதத்தில் ஒரு சிறுமி கூச்சம் நீங்கி உரக்கக் கத்தவும், பிடியை உதறவும், ஓடித் தப்பவும் கற்கலாம். அவ்வளவையும் அவளுக்கு உண்மையாகக் கற்பித்து, அவ்வளவே கற்றாய் என்று சொல்லி அனுப்பினால் அது அவளுக்குப் பாதுகாப்பு. அதற்கு மேல் உயர்ந்த பட்டையைக் கட்டி, எவனையும் வீழ்த்துவாய் என்று நம்பவைத்து அனுப்பினால், ஓட வேண்டிய இடத்தில் அவள் நின்றுவிடக்கூடும். பரிவு என்று நாம் பெயரிட்டது அப்போது யாருக்குப் பரிவாக இருந்தது? அதுபோலவே, பட்டைச் சான்றிதழ் அரசு வேலையின் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உதவும் என்ற நம்பிக்கையையும் பெற்றோர் விட்டுவிட வேண்டும். அங்கே கணக்கில் கொள்ளப்படுவன அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் பெற்ற வெற்றிகள், பட்டையின் நிறமன்று. வித்தையில் உறுதியற்ற பிள்ளை அந்தப் போட்டிகளின் வாயிலைக்கூட எட்டுவதில்லை.

ஆகவே சூளகிரிப் பெற்றோரை நான் வேண்டிக்கொள்வது இது. அடுத்த முறை பரீட்சைக் கட்டணம் கேட்கப்படும்போது, கொடுப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இந்தப் படிக்கு என் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டியவை எழுத்தில் உண்டா? மதிப்பிடுபவர் கற்பித்தவரல்லாத வேறொருவரா? தேறாவிட்டால் காரணம் எழுதிக் கொடுப்பீர்களா? மூன்றுக்கும் ஆமென்ற விடை வந்தால், கட்டணத்தை மகிழ்ச்சியோடு கொடுங்கள். தேறவில்லை என்று முடிவு வந்தாலும் மாஸ்டருக்கு நன்றி சொல்லி, பிள்ளையை மறுநாள் மாலை வகுப்புக்கு அனுப்புங்கள். மாஸ்டர்களிடம் நான் வேண்டுவது இன்னும் சுருக்கமானது: தோற்க வழியில்லாத பரீட்சையில் தேறியவரும் ஒருவரில்லை, ஆதலால், உங்களை நம்பி வந்த பிள்ளைகளில் ஒருவரையேனும் உண்மையாகத் தேறச் செய்ய விரும்பினால், ‘இன்னும் இல்லை’ என்று சொல்லும் தைரியத்தை முதலில் நீங்கள் பெறுங்கள்.